கிராணி ஐயா சொல்லிக் கொடுத்த ஆட்டம்

கல்மலைத் தோட்டத்தில் கூடைப்பந்தைப் பற்றி அதிகம் பேசியவன் நல்லசாமி. ஒரு நாளும் பந்தைத் தொட்டவனில்லை. முழங்காலில் வாதம், மரத்துக்கு மரம் நடந்து ரப்பர் பால் வெட்டி முடிப்பதே அவனுக்குப் பெரும்பாடு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் களத்து ஓரத்தில் பால்வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டான் என்றால், ஆடுகிற ஐந்து பேருக்கும் சேர்த்து அவனே ஆடுவான். அவர்களுக்கு ஆட்டம் பழக்குகிற, தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதுகிற சிவானந்தன் கிராணிக்கும் சேர்த்து அவனே சொல்லிக் கொடுப்பான். கிராணியின் காதில் விழுகிற மாதிரிதான் சொல்வான்.

தோட்டத்தின் பழைய ஆட்டம் உதைபந்து. ஆற்றோரத்தில் நல்ல பச்சைத் திடல் இருந்தது. மலாயாவில் அவசரகாலம் என்று சொல்லி, காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உதவி போகாமலிருக்க, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த தொழிலாளர் லயங்களை எல்லாம் பிய்த்து ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்து, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டபோது திடல் வேலிக்கு வெளியே போய்விட்டது. உள்ளே மிஞ்சியது பெரட்டுக் களம் ஒன்றுதான். விடியற்காலையில் ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புகிற சிமெண்டுத் தரை. அங்கே உதைத்த பந்து ஒரு நாள் வேலியைத் தாண்டி விழுந்தது. எடுக்கப் போனவனைப் பார்த்துக் காவல் கோபுரத்திலிருந்து துப்பாக்கியை நீட்டினார்கள். அத்தோடு உதைபந்து முடிந்தது. பிறகு சிவானந்தன் கிராணிதான் எண்ணெய்ப் பீப்பாயின் இரும்பு வளையத்தைக் கழற்றி இரண்டு கம்பங்களில் அடித்து, இனிமேல் இதுதான் விளையாட்டு என்றார். அவர் யாழ்ப்பாணத்தில் ஏதோ ஒரு கல்லூரி அணியில் ஆடியவராம். அந்தக் காலத்துக் கோடுபோட்ட பனியனை மாட்டிக்கொண்டு, காலையில் பெரட்டுக்கு ஊதுகிற அதே விசிலைச் சாயங்காலம் ஆட்டத்துக்கும் ஊதுவார்.

நல்லசாமிக்கு அந்த விசிலிலிருந்தே ஆத்திரம் தொடங்கியது. போதாததற்குக் கிராணியிடம் ஒரு சட்டம் இருந்தது. பந்து ஐந்து கை மாறிய பிறகுதான் வளையத்துக்கு எறிய வேண்டும். பழகும்போது நாலாவது கையில் எறிந்து பந்து சரியாக விழுந்தாலும் ஊதி நிறுத்திவிடுவார்.

"அஞ்சு பேருக்கும் ஆளுக்கொரு வாய் ஊட்டி முடிச்சாத்தான் சாப்பாடாம்" என்பான் நல்லசாமி. "வெறும் பந்துலா அது. கையில வந்தா எறிய வேண்டியதுதானே? காலேஜுல இதையா சொல்லிக் குடுத்தானுங்க?"

பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். கிராணி திரும்பிப் பார்க்கமாட்டார். திரும்பாததும் நல்லசாமிக்கு ஒரு குறைதான்.

அவன் பேச்சில் நியாயமும் இருந்தது. அவன் வீட்டிலேயே எறிகிற கை ஒன்று இருந்ததே. மனைவி வள்ளிநாயகியின் தம்பி சந்திரன். அப்பன் ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் போனவன் திரும்பவில்லை. அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். பையனை வள்ளிதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். இப்போது இருபது வயது, தனக்கென்று ஒரு மரவரிசை, தனி நெரை வெட்டுகிறான். பாதிக் களத்தில் நின்று ஒற்றைக் கையால் பந்தைத் தூக்கி, மணிக்கட்டை மடக்கி விடுவான். பந்து இரும்பில் படாமல் உள்ளே இறங்கும். அந்த நேரத்தில் நல்லசாமிக்கு முழங்கால் வலி தெரியாது.

அந்த மணிக்கட்டு எங்கிருந்து வந்தது என்பதும் அவனுக்குத் தெரியும். வேலி போடுவதற்கு முன்னால் தோட்டத்து எல்லையில் சீனர்களின் காய்கறிப் பாத்திகள் இருந்தன. அவர்களுடைய பள்ளிக்கூடக் கொட்டகைக்கு முன்னால் ஒரு வளையமும் இருந்தது. நல்லசாமி கங்கோங் கீரை வாங்கப் போகும்போது சந்திரனும் கூட வருவான். ஆ லோய் என்று ஒரு பையன், கீரைக்காரன் மகன், சந்திரனின் கையைப் பிடித்து மணிக்கட்டை மடக்கி மடக்கிக் காட்டுவான். இருவரும் சீனத்திலேயே கத்திக்கொண்டு ஆடுவார்கள். நல்லசாமி வெட்டிப் போட்ட ஒரு ரப்பர் மரத்தின்மேல் கீரைக்கட்டோடு உட்கார்ந்து பொழுது சாயும்வரை பார்த்துக்கொண்டிருப்பான். வீட்டுக்கு வந்தால் வள்ளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான். அவன் இந்த ஆட்டத்தின்மேல் பைத்தியமானது அங்கேதான்.

பிறகு ஒரு காலையில் பட்டாளம் வந்து அந்தக் குடும்பங்களை எல்லாம் கோழி, பன்றி, பாத்திரத்தோடு லோரியில் ஏற்றி, பாரோய் பக்கம் வேலிபோட்ட புதுக்கிராமத்தில் கொண்டுபோய் இறக்கியது. லோரியில் ஆ லோய் இல்லை. உள்ளே போய்விட்டான் என்று பேசிக்கொண்டார்கள். உள்ளே என்றால் காட்டுக்குள்ளே, கம்யூனிஸ்டுகளோடு. அதற்கப்புறம் அந்தப் பெயரை யாரும் வாயில் எடுக்கவில்லை. நல்லசாமியும் எடுக்கவில்லை. ஆனால் அவன் மனதில் என்னவோ இரண்டு ஆ லோய்கள் இருந்தார்கள். ஒருவன் துப்பாக்கியோடு காட்டில் இருந்தான், அவனை இவனுக்குத் தெரியாது. இன்னொருவன் இன்னும் அந்த வளையத்தடியில் நின்று மணிக்கட்டை மடக்கிக்கொண்டிருந்தான்.

கல்மலை அணி அக்கம்பக்கத்துத் தோட்டங்களை எல்லாம் சந்திரன் கையால் தோற்கடித்துக்கொண்டு வந்தது. மாவட்டத்துரை ஒரு கோப்பை வைத்திருப்பதாகவும், கடைசி ஆட்டம் புதுக்கிராமத்துச் சீனப் பையன்களோடு கல்மலைக் களத்திலேயே நடக்கும் என்றும் செய்தி வந்தது. அந்தச் சமயம் பார்த்துக் கிராணி சந்திரனை வெளியே உட்காரவைத்துவிட்டார். அவன் இல்லாமலே ஒரு ஆட்டம் நடந்தது, இன்னொன்றும் நடந்தது. காரணம் ஒன்றும் சொல்லவில்லை. கல்மலை தட்டுத் தடுமாறித்தான் ஜெயித்தது.

வேறு காலமாக இருந்தால் ஆட்டக்காரனுக்கும் பழக்குகிறவருக்கும் நடுவில் ஏதோ மனத்தாங்கல் என்று விட்டிருப்பார்கள். இது அப்படிப்பட்ட காலமில்லை. எவனையாவது எதிலிருந்தாவது ஒதுக்கினால் உள்ளே ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம். வெளிவாசலில் எல்லோரையும் தடவிச் சோதித்து விடுகிறார்கள். வேலைக்காட்டுக்கு ஒரு பிடிச் சோறு கொண்டுபோகக் கூடாது, சீனி போட்ட தேத்தண்ணிகூடக் கூடாது, காட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவோமாம். வெறும் வயிற்றில் வெட்டிவிட்டு வந்து பகலில்தான் அடுப்பு மூட்ட வேண்டும். எல்லோரும் எல்லோரையும் ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பைப்படியில பஞ்சாலக்கா எங்கிட்ட முகம் குடுத்துப் பேசல" என்றாள் வள்ளி. கருவாட்டைச் சுட்டு மிளகாயோடு தட்டிக்கொண்டிருந்தாள். மரவள்ளி வெந்த வாசனை வீடு முழுக்க இருந்தது. "என்னா வள்ளி, ஒன் தம்பிய கிராணி ஒதுக்கிட்டாராமே, என்னா சேதின்னு மட்டும் கேட்டுச்சு. அது கேட்ட மாதிரியே எனக்குப் புடிக்கல."

"அவளுக்கு என்னா தெரியும்?"

"அவளுக்குத் தெரியாட்டி பரவால்ல. சுவாத் தோட்டத்துல அந்த அமிர்தலிங்கம் மண்டோருக்குத் தெரிஞ்சா? பொண்ணு குடுக்கறேன்னு இப்பத்தான் வாயத் தொறந்திருக்காரு. கோப்பை ஆட்டத்துக்கு வர்றேன், மாப்பிள்ள பையன் ஆடறதப் பாக்கறேன்னு சொல்லி விட்டிருக்காரு. வந்து பாத்தா இவன் துண்டப் போத்திக்கிட்டு ஓரத்துல குந்தியிருப்பான். என்னா நெனைப்பாரு?"

நல்லசாமி மூலையில் இருந்த சந்திரனைப் பார்த்தான். அவன் வெட்டுக்கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டிக்கொண்டிருந்தான்.

"டேய், நீ கிராணிய ஏதாச்சும் எதுத்துப் பேசினியா?"

"இல்ல மாமா."

"பின்ன ஏண்டா?"

"தெரியல மாமா. ஒரு நாள் பிராக்டிஸ்ல திடீர்னு விசில் ஊதினாரு. என்னை ஸ்டோர் பின்னால கூப்பிட்டு, இனிமே நீ ஆட வேணாம்னாரு. அவ்வளவுதான்."

"நீ ஏன்னு கேக்கலையா?"

"கேட்டேன். கத்தாதேன்னாரு."

நல்லசாமிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கத்தாதே என்றால் என்ன அர்த்தம்? ஆட்டத்தில் கத்தாமல் இருக்க முடியுமா? கத்தியதற்காக ஒருத்தனை வெளியே வைப்பதென்றால் முதலில் விசிலைத்தானே பிடுங்க வேண்டும்?

மறுநாள் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, தலையிலும் தோளிலும் ஒட்டிய பாலோடு நேராக ஆபீஸ் வாசலில் போய் நின்றான்.

"கிராணி ஐயா, ஒரு வார்த்த."

சிவானந்தன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்ன?"

"நம்ம சந்திரன் ஏங்கய்யா ஆடல?"

"அணிக்கு ஆர் தேவை எண்டு எனக்குத் தெரியும்."

"நாங்களும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கோம். அவன் இல்லாம போன ஆட்டம் மூச்சுப் புடிச்சில்ல ஜெயிச்சோம். அதுலயும் அந்த அஞ்சு கை..."

"உமக்குப் பந்தைப் பற்றி என்ன தெரியும்?"

"எறியத் தெரியாதுங்க. பாக்கத் தெரியும்."

கிராணி எழுந்து வாசலுக்கு வந்தார். அவர் கண் அவனைத் தாண்டிப் போய், ஸ்டோர் அருகில் நின்ற போலீஸ் ஜீப்பைத் தொட்டுவிட்டு வந்தது. குரலைத் தாழ்த்தினார். "நல்லசாமி, நான் ஒருக்காச் சொல்லுவன். பெடியன் சும்மா இருக்கட்டும். நீரும் வாயை மூடிக்கொண்டு இரும். போம்."

நல்லசாமி குரலைத் தாழ்த்தியதைக் கவனிக்கவில்லை. வாயை மூடு என்றதைத்தான் கவனித்தான். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சொல்லையே மென்றுகொண்டு போனான். சம்பளம் கொடுக்கிற துரைகூட என்னை வாயை மூடு என்று சொன்னதில்லை, இவர் யார் என்று பஞ்சாலை வீட்டு வாசலில் நின்று ஒரு பாட்டம் பொரிந்து தள்ளினான். வள்ளி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

கோப்பை ஆட்டத்தன்று மத்தியானம் ஒரு தூற்றல் போட்டு ஓய்ந்திருந்தது. சிமெண்டுத் தரையில் இருந்த தண்ணீரைப் பெண்கள் கோணிச்சாக்கால் ஒற்றி எடுத்தார்கள். புதுக்கிராமத்துப் பையன்கள் போலீஸ் காவலோடு லோரியில் வந்து இறங்கினார்கள். தோட்டத்துரைக்கு நாற்காலி போட்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு சீனர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ரகசிய போலீஸ் என்று எல்லோருக்கும் தெரியும். கொஞ்ச நாளாகவே தோட்டத்து ஆட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தார், சிரித்த முகமாகவே இருப்பார். சுவாவில் வேலையாட்களை மேற்பார்க்கிற அமிர்தலிங்கம் மண்டோர் ஜரிகைத் துண்டோடு வந்து, நல்லசாமி கொடுத்த வாளியின்மேல் உட்கார்ந்தார்.

"பையன் எது?" என்றார்.

"வருவான்ங்க" என்றான் நல்லசாமி. சந்திரன் எதிர்ப்பக்கம் துண்டைப் போர்த்திக்கொண்டு தரையில் குந்தியிருந்தான். வள்ளி சொன்னது அப்படியே நடந்தது.

கல்மலைப் பையன்கள் கிராணி சொன்னபடி பந்தை ஒன்று, இரண்டு, மூன்று என்று கை மாற்றினார்கள். நாலாவது கைக்குப் போவதற்குள் சீனப் பையன்கள் பறித்துக்கொண்டு போய்ப் போட்டார்கள். திரும்பத் திரும்ப அதேதான். ஒன்று, இரண்டு, மூன்று, போச்சு.

"எறிங்கடா! எறியேண்டா!" நல்லசாமிக்குத் தொண்டை கட்டிவிட்டது. "அய்யோ, ஊர்வலமாடா போறீங்க? கிராணி ஐயா, அந்தப் பையன எறக்குங்கய்யா!"

கிராணி திரும்பவில்லை. அவர் முதுகில் பனியன் நனைந்து ஒட்டியிருந்தது.

அமிர்தலிங்கம் கனைத்தார். "ஏன் பையன எறக்கல? எதுனா விசயமா?"

அந்தக் கேள்விதான் நல்லசாமியை எழுப்பிவிட்டது. முழங்காலை நொண்டிக்கொண்டு நேரே துரையின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றான். தனக்குத் தெரிந்த பாசார் மலாயில், சந்தையில் பேசுகிற கொச்சை மலாயில், "துவான்! இத்து புடாக் பாண்டாய்! காசி மாசோக், துவான்!" என்று கையெடுத்துக் கும்பிட்டான். துரையே, அந்தப் பையன் கெட்டிக்காரன், உள்ளே விடுங்கள் என்றான். கூட்டமும் சேர்ந்துகொண்டு சந்திரா, சந்திரா என்று கத்தியது. துரை சிரித்துவிட்டுக் கிராணியைப் பார்த்துக் கையை ஆட்டினார். துரை கையாட்டினால் மாட்டேன் என்று சொல்லக் கிராணியால் முடியுமா? சந்திரனின் தோளைத் தொட்டு, காதோடு ஏதோ சொல்லி அனுப்பினார்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கல்மலையில் வெகு காலம் பேசினார்கள். சந்திரன் நடுக்கோட்டில் நின்று எறிந்தான், விழுந்தது. ஓடிக்கொண்டே எறிந்தான், விழுந்தது. கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஊமையாகத்தான் ஆடினான். ஆட்டம் சூடு பிடிக்கப் பிடிக்க அவனுக்கு எல்லாம் மறந்துபோயிற்று. எந்த மொழியில் ஆட்டத்தைக் கற்றானோ அந்த மொழி வாயில் வந்துவிட்டது. பந்தைக் கேட்டுச் சீனத்தில் கத்தினான். எதிரணிப் பையன் ஒருவன், தன் ஆள்தான் கேட்கிறான் என்று பந்தை அவனிடமே போட்டுவிட்டான்! கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சீனப் பையன்களும் சிரித்தார்கள். ஒருவன் சந்திரனின் முதுகில் தட்டி, பழைய சிநேகிதன் மாதிரி அதே மொழியில் என்னவோ சொன்னான். கடைசிப் பந்தும் சந்திரன் கையிலிருந்துதான் விழுந்தது. கல்மலை ஜெயித்தது.

நல்லசாமிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அமிர்தலிங்கம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "கெட்டிக்காரப் பையன்தாங்க" என்றார். இதைவிட என்ன வேண்டும்? அவர் நகர்ந்ததும் வெள்ளைச் சட்டைச் சீனர் பக்கத்தில் வந்து நின்றார். ஒரு சிகரெட்டை நீட்டினார். மலாயில், "நல்ல ஆட்டம். உங்கள் பையனா?" என்றார்.

"என் மச்சினன், துவான்!"

"இந்தக் கிராணி நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்."

"கிராணியா?" நல்லசாமி புகையை ஊதினான். "கிராணிக்கு ஒன்றும் தெரியாது துவான். இவன் சீனரிடம் கற்றுக்கொண்டவன்."

அவன் கணக்கில் அது பாராட்டு. இந்த ஆட்டத்தில் சீனரை மிஞ்ச ஆளில்லை என்பது ஊருக்கே தெரிந்தது. ஒரு சீனரிடமே அதைச் சொன்னால் அவரும் மகிழ்வாரே என்று நினைத்தான். அவரும் மகிழ்ந்த மாதிரிதான் இருந்தது.

"அப்படியா! எந்தச் சீனர்?"

"பழைய காய்கறிப் பாத்தியில் இருந்தானே ஒரு பையன்..."

அப்போது காதுக்குப் பக்கத்தில் விசில் அலறியது. கிராணிதான். ஆட்டம் முடிந்து கோப்பையும் கொடுத்தாயிற்று, எதற்கு ஊதினார் என்று யாருக்கும் விளங்கவில்லை. "எல்லாரும் கலைஞ்சு போங்கோ! ஊரடங்குக்கு நேரமாச்சு!" என்று கத்தினார். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஜெயித்த அன்றைக்கும் மனுசனுக்குச் சிரிப்பு வரவில்லையே என்று நல்லசாமி நினைத்துக்கொண்டான்.

மறுநாள் பெரட்டிலேயே சந்திரனைக் கூப்பிட்டுப் போனார்கள். அடிக்கவில்லை, இழுக்கவில்லை. பெயரைச் சொன்னார்கள், அவன் வாளியையும் அதைத் தோளில் சுமக்கிற காண்டாக் கம்பையும் தரையில் வைத்தான், ஜீப்பில் ஏறினான். வள்ளி ஓடிப் போய் ஜீப்பின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கையை ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டார்கள். நேற்று அவன் பெயரைச் சொல்லிக் கத்திய கூட்டம் இன்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அன்று நல்லசாமி எப்படி வெட்டினான் என்று அவனுக்கே தெரியாது. பட்டையில் கத்தி ஆழமாக இறங்கி இரண்டு மரத்தைக் காயப்படுத்திவிட்டான். என்ன தப்பு நடந்தது? நன்றாக ஆடினான். ஜெயித்தான். துரையே கை தட்டினார். எந்த இடத்தில் பிசகியது என்று வரிசையாக நினைத்துப் பார்த்தான். எல்லாமே சரியாகத்தான் இருந்தது. வீட்டில் அடுப்பு எரியவில்லை. வள்ளி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"ஊருக்கு அனுப்பிடுவாங்களாமே" என்றாள். "கப்பல்ல ஏத்தி, இந்தியாவுக்கு. அவனுக்கு எந்த ஊரு இருக்கு? அங்க யாரு இருக்கா அவனுக்கு?"

நல்லசாமி எழுந்து கிராணியின் வீட்டுக்குப் போனான். சிவானந்தன் பின்பக்கம் துணி காய்கிற கொடிக்கடியில் நின்றுகொண்டிருந்தார், அவனை எதிர்பார்த்த மாதிரி.

"ஐயா..."

"அவர் உம்மட்ட என்ன கேட்டவர்? ஒண்டும் விடாமச் சொல்லும்."

நல்லசாமி சொன்னான். சிகரெட் முதற்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். கிராணி கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆ லோய் எண்டு பேர் சொன்னீரோ?"

"இல்லீங்கய்யா. சொல்ல வந்தேன். அதுக்குள்ள நீங்க விசில்..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"பிராக்டிஸில ஒரு நாள் பெடியன் சீனத்தில கத்தினவன்" என்றார் கிராணி. "அந்த ஆள் அண்டைக்குத்தான் முதல் முதலா ஆட்டம் பாக்க வந்து வாசல்ல நிண்டவர். ஆ லோய் ஆரோட எல்லாம் பழகினவன் எண்டுதான் இவையள் தேடுகினம். எனக்கு நெஞ்சு நடுங்கிப் போச்சு. அதுதான் பெடியனை இருத்தி வைச்சனான்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேங்கய்யா."

"சொன்னா லயம் முழுக்கத் தெரிஞ்சிருக்கும்."

நல்லசாமிக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"இப்ப கேளும்" என்றார் கிராணி. "நாளைக்கு நான் துரையிட்டக் கேட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போறன். நீரும் வரவேணும். சீனத்தில கத்தச் சொல்லிக் குடுத்தது நான். எதிராளியின்ர பாஷையில கத்தினா அவங்கள் குழம்பிப் போவாங்கள், பந்தை மாத்திப் போடுவாங்கள். அது என்ர உபாயம். அதுக்காகத்தான் அவனைக் கடைசி ஆட்டம் வரைக்கும் ஒளிச்சு வைச்சனான். விளங்குதோ? பெடியனையும் அப்பிடித்தான் சொல்லச் சொல்லி ஜீப்பில ஏறேக்க காதில போட்டிருக்கிறன்."

"மெய்யாவா ஐயா? அதுக்குத்தான் ஒளிச்சு வெச்சீங்களா?"

கிராணி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்பிடித்தான்" என்றார்.

ஸ்டேஷனில் பெஞ்சு இருந்தது, யாரும் உட்காரச் சொல்லவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் இன்றைக்கும் சிரித்த முகமாகவே இருந்தார். கிராணி இங்கிலீசில் நிமிர்ந்து நின்று பேசினார். பேசும்போது பின்னால் கட்டியிருந்த கையில் விசிலை இறுக்கிப் பிடித்திருந்ததை நல்லசாமிதான் பார்த்தான். அவருக்கும் இதில் வேலை போகும், வேறென்னவெல்லாமோ போகும் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

பிறகு வெள்ளைச் சட்டைக்காரர் இவன் பக்கம் திரும்பினார். மலாயில் கேட்டார். "கிராணிக்கு ஒன்றும் தெரியாது என்று நீதானே சொன்னாய்? தோட்டத்திலும் எப்போதும் அப்படித்தான் கத்துவாயாமே?"

நல்லசாமி வாயைத் திறந்தான். இத்தனை நாளும் பெரட்டுக் களத்தில் இறைத்த பேச்செல்லாம் ஒன்றாகச் சேர்ந்து முன்னால் வந்து நின்றது.

"ஒன்றும் தெரியாதது எனக்குத்தான் துவான்" என்றான். "எனக்கு வாதக்கால். நான் பந்தைத் தொட்டதில்லை. பொறாமையில் கத்துவேன். மச்சினனுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தது கிராணி ஐயா. எறியவும் அவர்தான், கத்தவும் அவர்தான். என் கண் முன்னாலேயே சொல்லிக் கொடுத்தார்."

"காய்கறிப் பாத்திப் பையன் என்றாயே?"

"அந்தப் பையன்கள் எல்லாம் இப்போது புதுக்கிராமத்தில்தானே இருக்கிறார்கள் துவான்? அவர்கள் எப்படிக் கத்துகிறார்கள் என்று கேட்டுக் கற்றுக்கொள்ளச் சொன்னார் கிராணி. அதைத்தான் நான் பெருமைக்கு அப்படிச் சொல்லிவிட்டேன்."

அவர் நம்பினாரா என்று நல்லசாமிக்குத் தெரியவில்லை. சிரித்தார். எல்லாவற்றுக்கும் சிரிக்கிற மனிதரிடம் என்ன கண்டுபிடிப்பது? அவர்களை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். வழியில் அம்பாங்கான் கடைத்தெருவில் கிராணி அவனுக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தார்.

சில நாள் கழித்துச் சந்திரனை விட்டார்கள். தோட்டத்தை விட்டு அனுமதி இல்லாமல் போகக் கூடாது, கிராணி பொறுப்பு என்று சொல்லி விட்டார்கள். அதற்குள் கதை லயமெல்லாம் சுற்றி வந்திருந்தது. கிராணியின் உபாயம்தான் கதை. "என்னா மூளலா அந்த மனுசனுக்கு! ஆளையே ஒளிச்சு வெச்சிருந்து கடைசில எறக்கியிருக்காரு பாரு" என்று பஞ்சாலை பைப்படியில் சொன்னாள். "ஒன் புருசன்தான் தெரியாமக் கத்திக்கிட்டுக் கெடந்தாரு." வள்ளி ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தாள். சுவாவிலிருந்து, தை பிறக்கட்டும் பார்க்கலாம் என்று சொல்லி விட்டிருந்தார்கள். மாட்டோம் என்று சொல்லவில்லை.

அன்று வள்ளி கோழி அடித்திருந்தாள். சந்திரன் மெலிந்து போயிருந்தான். தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். வள்ளி ரசம் எடுக்க உள்ளே போனபோது நல்லசாமி அவன் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தான். யாருமில்லை. கதவும் சாத்தியிருந்தது. பல நாளாக நெஞ்சில் இருந்ததை இறக்கிவைக்க வேண்டும்போல் இருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தான். எங்கே தொடங்குவது என்று தெரியாமல், தனக்குப் பிடித்த இடத்திலிருந்து தொடங்கினான்.

"டேய், நான் அந்த வெட்டிப் போட்ட மரத்து மேல குந்திக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருப்பனே, ஞாபகம் இருக்கா? அவன் ஒன் கையப் புடிச்சு, இப்படி மணிக்கட்ட மடக்கி மடக்கிக் காட்டுவான். ஆ லோய். அந்த எறி அவன் சொல்லிக் குடுத்ததுதானேடா?"

சந்திரன் நிமிர்ந்தான். கண்ணை இமைக்காமல் மாமாவைப் பார்த்தான். குரலில் கோபம் இல்லை, பயமும் இல்லை.

"யாரு மாமா ஆ லோய்? அது கிராணி ஐயா சொல்லிக் குடுத்தது."

"நாந்தாண்டா, மாமாதானே கேக்கறேன்..."

"கிராணி ஐயாதான் மாமா. எறியவும் அவருதான், கத்தவும் அவருதான்."

ஸ்டேஷனில் தான் சொன்ன அதே வார்த்தைகள். பையனுக்கும் அங்கே அவற்றைப் படித்துக் காட்டியிருப்பார்கள். இவன் எதைப் பார்த்துப் பயப்படுகிறான், வாசலையா, சுவரையா, என்னையா என்று நல்லசாமி தடுமாறினான். என்னைத்தான் என்று கொஞ்சம் பொறுத்துத் தெரிந்தது.

வள்ளி ரசத்தோடு வந்து நின்றாள். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னா பேச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல புள்ள" என்றான் நல்லசாமி. "ஆட்டத்தப் பத்தித்தான். எல்லாம் கிராணி ஐயா சொல்லிக் குடுத்ததுதான். எனக்குத்தான் ஞாபகம் தப்பிப் போச்சு. அவனுக்கு இன்னுங்கொஞ்சம் சோறு போடு."